வண்டியின் வயது

பழம்பொருள் பேணுவோர் இருவகையினர். ஒரு சாரார் அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காப்பர். மறுசாரார் வழங்கிக் காப்பர். நாணயமும் ஓலைச்சுவடியும் முதலாமவரிடம் நெடுங்காலம் வாழும். இயந்திரமோ ஓடாது நின்றால் துருவேறி மடியும். ஆதலின் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு உரிமையாளராதல், விலை கொடுத்த அன்றே முடிந்துவிடும் காரியமன்று. அன்றுதான் அது தொடங்குகின்றது.

இவ்வுண்மையை இலண்டன் புறநகரொன்றில் வாழும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் தமது அறுபத்தெட்டாம் வயதிலே கற்றுக்கொண்டார். அவர் வடமராட்சியிற் பிறந்தவர். ஆசிரியராயிருந்த தந்தையாரிடம் றோயல் என்பீல்ட் புல்லட் ஒன்று இருந்தது. மாலையில் ஒழுங்கை முனையில் அதன் ஒலி கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டுப் புத்தகத்தைத் திறப்பர். மகன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல நேர்ந்தபோது, பயணச் செலவுக்கென அவ்வண்டி விற்கப்பட்டது. தந்தையார் அதுபற்றி ஒருநாளும் பேசியதில்லை, மகனும் கேட்டதில்லை.

புல்லட்டின் வரலாறு விந்தையானது. இங்கிலாந்தின் றெடிச் நகரத்து நிறுவனமொன்று 1930களின் தொடக்கத்தில் அப்பெயரை வழங்கியது. 1950களில் இந்தியப் படையின் எல்லைக் காவற் பணிக்கென அவ்வண்டிகள் பெருந்தொகையாக வாங்கப்பட்டன. அதன் விளைவாக 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பொருத்தப்பட்டன. பின்னர் அப்பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. றெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி முற்றாக நின்றது. ஆனால் 1977இல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. தாய்வீடு அழிந்தபின் புகுந்தவீட்டார் அவ்வூருக்குச் சீர் கொண்டு சென்றதை ஒத்த நிகழ்ச்சி அது.

சென்னையில் 1962ஆம் ஆண்டு வண்டியொன்று விலைக்கிருப்பதை உறவினர் வழியாக அவர் அறிந்தார். படங்கள் வந்தன. புதுவர்ணம் பளபளத்தது. கடல்கடந்த வண்டியை வாங்குவோர் வர்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்களைப் பார்த்தல் வேண்டும். அவற்றையும் படமெடுத்து அனுப்புமாறு கேட்டார். இலக்கங்கள் ஒத்துவரவில்லை. சட்டகம் 1962க்கு உரியது. எஞ்சினோ 1970களைச் சேர்ந்தது.

“பழைய எஞ்சின்ல விரிசல் விட்டுடுச்சு சார், வேற மாத்தினோம். பத்து வருஷமா நல்லாத்தான் ஓடுது” என்றார் விற்பவர். அவர் மறைக்காது சொன்னமையே இவருக்குப் போதுமானதாயிற்று. வாங்கினார்.

வண்டி மரப்பெட்டியுள் கடலில் வந்துகொண்டிருக்கையில் சுங்கப் படிவம் வந்து சேர்ந்தது. 30 ஆண்டுக்கு மேற்பட்டு, முதலமைப்பிற் பெருமாற்றமின்றி இருக்கும் சேகரிப்புப் பொருளெனக் கொள்ளப்பட்டால் பெறுமதி சேர் வரி 5 சதவீதம். அன்றேல் 20 சதவீதம். “எஞ்சினைப் பற்றி எழுதவேண்டியதில்லை. அந்த இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் நண்பர் ஒருவர். வேறுபாடு சிறுதொகையன்று, ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது பெருஞ்சுமை. படிவம் இரண்டு இரவுகள் மேசையிற் கிடந்தது. தந்தையாரின் வண்டியை நினைவுகூரும் பொருட்டு வாங்கிய ஒன்றை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவியலாத பொய்யொன்றுடன் வீட்டுக்குள் கொண்டுவருவதா? மூன்றாம் நாள் “எஞ்சின் பின்னர் மாற்றப்பட்டது” என்றெழுதி முழுவரியையும் செலுத்தினார்.

அடுத்து வயதை நிறுவவேண்டியிருந்தது. வயதுக்கு ஆதாரமற்ற வண்டிக்கு இங்கிலாந்தில் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் பதிவிலக்கம் வழங்கப்படும். பிறந்த ஆண்டு அறியப்படாதது என்பதன் அடையாளம் அது. பழைய வண்டிகளுக்கான கழகமொன்று சட்டக இலக்கத்தைச் சோதித்து, 1962 எனச் சான்று கூறியது. எஞ்சின் பிற்பட்டது என்பதையும் அதிற் குறித்தது. வயதுக்கேற்ற பதிவிலக்கம் கிடைத்தது. ஆயினும் அவ்வொரு வரியால் வண்டியின் சந்தை மதிப்புக் குறைந்தமை உண்மை.

இங்கிலாந்தில் வார்த்த எஞ்சினொன்றை வாங்கிப் பொருத்துமாறு சிலர் கூறினர். அவரும் அவ்வெண்ணத்துடனேயே எஞ்சினைக் கழற்றினார். 70 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்ட எளிய ஒற்றை உருளை. உள்ளே, தொழிற்சாலையிற் செய்யப்படாத பித்தளைப் புஷ் ஒன்று இருந்தது. சென்னைப் பட்டறையொன்றில் யாரோ கடைசற் பொறியிற் கடைந்தது. நுண்ணளவு கருவியால் அளந்து பார்த்தார், குறைகூற இடமிருக்கவில்லை. பெயரறியாத அத்தொழிலாளியின் கைத்திறனை அகற்றினால் வண்டி பழையதாகத் தோன்றும். அதன் வரலாறோ பொய்யாகிவிடும். புஷ்ஷைத் துடைத்து இருந்த இடத்திலேயே பொருத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை இயக்கினார். புல்லட்டுக்கு உடல்வலிமையிலும் பொறுமையே வேண்டும். அம்பியர்மானியின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, அதன் பின்னரே உதைத்தல் வேண்டும். மூன்று முறை தவறியது. நான்காம் முறை அதிர்ந்தெழுந்தது. தந்தையாரின் வண்டியின் ஒலியை அது முற்றாக ஒத்திருக்கவில்லை. எனினும் அவர் அதனை நிறுத்தாமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

இன்று அவ்வண்டி வாரந்தோறும் ஓடுகின்றது. வாரந்தோறும் ஏதேனும் ஓர் ஆணி தளர்கின்றது. நிறுத்துமிடத்தில் எண்ணெய்த் துளி விழுகின்றது. விற்றவரின் பற்றுச்சீட்டு, சுங்கப் படிவம், கழகத்தின் சான்று ஆகியவற்றை ஒரு கோவையில் வைத்துள்ளார். அதன் இறுதியிலே, தாம் மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திகதியுடன் எழுதி வருகின்றார். அடுத்து அதனை வாங்கப்போகின்றவர் யாரென்பது அவருக்குத் தெரியாது. அவருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகின்றார்.