ஆறு குரல்களின் வைத்தியம்

ஒஸாகாவில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரோலண்டு நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஜூனோ-106 என்னும் சிந்தசைசர், அதே ஒஸாகாவின் நிப்பொன்பாஷி வட்டாரத்தில், மின்னணு உதிரிப் பாகக் கடைகளுக்குப் பின்புறமுள்ள ஒரு சிறு பட்டறையின் மேசைமீது மூடி திறக்கப்பட்டுக் கிடந்தது. அதன் முன் அமர்ந்திருந்தவர் அறுபது பிராயத்தைக் கடந்த ஓர் அம்மையார். அவரைச் 'சென்செய்' என்று விளித்துப் பக்கத்தில் நின்ற இளைஞர், கருவிகளை எடுத்துக் கொடுப்பதோடு என் கேள்விகளை அவருக்கு எடுத்துச் சொல்லும் உபகாரத்தையும் செய்தார்.

இவ்வாத்தியத்தில் ஏககாலத்தில் ஆறு குரல்கள் ஒலிக்கும். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலும், வழக்கமான முறையில் ஒவ்வொரு தடவையும் அடுத்த குரலுக்கு முறை வருவதால், ஒரு குரல் கெட்டால் அந்தக் கேடு ஒரு கட்டையில் தங்காமல் வரிசை முழுவதும் அலைந்து, வாசிப்பவரைத் திகைக்க வைக்கிறது. 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தைச் செலுத்தினால் யந்திரம் பரிசோதனை நிலைக்குச் சென்று, ஒலிக்கும் குரலின் எண்ணைச் சிறு திரையில் காட்டிவிடும். எது கெட்டதென்று திரை சொல்லும். எப்படிக் கெட்டதென்று செவிதான் சொல்ல வேண்டும். இரண்டாம் குரல் கரகரத்தது. ஐந்தாவது, விரலை எடுத்த பின்னும் அடங்காமல் இழுத்துக்கொண்டிருந்தது.

நோயின் மூலம் 80017ஏ என்னும் கரிய சில்லு. குரலுக்கு ஒன்றாக ஆறு உண்டு. நாதத்தைக் குழைக்கும் வடிகட்டியும் அதன் அளவை ஆளும் பெருக்கியும் அதனுள்ளே அடங்கும். 1982இல் வந்த ஜூனோ-60 வாத்தியத்திலும் இதே வேலையை ஐஆர்3109, பிஏ662 என்னும் சில்லுகளே செய்தன. ஆனால் அங்கே அவை பலகையில் வெளிப்படையாக இருந்தன. ஜூனோ-106இல் அவற்றை ஒரு சிறு தகட்டில் சேர்த்துக் கரிய பிசினால் பூசினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சே மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டு, காக்க வேண்டிய பாகங்களைக் கெடுத்தது என்பது பழுது பார்ப்போரின் அபிப்பிராயம். கர்ணன் கவசத்தை அறுத்தளித்து உயிரை இழந்தான். இந்தச் சில்லோ கவசம் நீங்கினாலன்றிப் பிழைப்பதில்லை.

அதை நீக்குவதில்தான் இவர்களுடைய தொழிலின் சிரத்தை முழுவதும் தெரிகிறது. பழைய பற்றாசை இளக்கி உறிஞ்சும்போது சூடு மிஞ்சினால் பலகையின் செப்புத் தடங்கள் பெயர்ந்துவிடும் என்பதால், அம்மையார் ஒரு காலை விடுவித்ததும் நிறுத்தி, அவ்விடம் ஆறிய பிறகே அடுத்ததைத் தொட்டார். விடுபட்ட சில்லு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனில் அமிழ்கிறது. ஓரிரு நாளோ அதற்கு மேலோ ஊறிப் பிசின் இளகிய பிறகுதான் உரிக்க முடியும். முன்பே ஊறிய ஒன்றை எடுத்து, ஜன்னலைத் திறந்து, சூட்டுக்கோலை அப்பால் வைக்கச் சொல்லிவிட்டு, மரக்குச்சியால் அவர் அதை உரித்தார். அரிசி நொய்யினும் சிறிய மின்தேக்கிகள் பிசினோடு பிய்ந்து வந்துவிடக்கூடுமாதலால், குச்சியைவிட மென்தூரிகைக்கே அதிக வேலை.

புதிதாகச் செய்த மாற்றுச் சில்லுகள் விலைக்குக் கிடைக்கையில் இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்டேன். மூலச் சில்லு ஒன்று பிழைக்குமானால் பிழைக்கட்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கும் அதுவே நியாயமாகப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒரு பாகத்தை, அதன் நோய் தோலோடு நிற்கிறதா என்று பாராமலே எறிவது அக்கிரமம்.

உரித்த சில்லுகளைப் பலகையில் நேரே பற்றவைக்காமல், மறுபடி கழற்ற ஏதுவாகத் தாங்கிகளில் செருகினார்கள். பின்னர் ஆறு குரல்களும் ஒரே நிறத்தில் ஒலிக்கும்படி சிறு திருகிகளைத் திருப்பிச் சுருதி சேர்ப்பதுபோல் இசைவித்தார்கள். ஐந்தாம் குரல் சொன்னபடி அடங்கியது. இரண்டாவது தேறவில்லை, அவ்விடத்தில் மாற்றுச் சில்லு அமர்ந்தது. மடிந்ததை இளைஞர் சோதித்துப் பார்த்து, பெருக்கி மட்டுமே போயிற்று, ஐஆர்3109 நலமாக இருக்கிறது என்று தெரிவிக்கவும், அம்மையார் அதை ஒரு டப்பாவில் போட்டு, வடிகட்டி கெட்டு வரும் வேறொரு சில்லுக்கு ஆகும் என்றார்.