கரை ஏறியிருப்பானா?

இரண்டு சம்பந்தியம்மாள்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் எதைப் பற்றிப் பேசுவார்கள்? சீர்வரிசை, பேரனுக்கு முளைத்த பல், முழங்கால் வலி. உங்கள் வீட்டில் அப்படித்தானே? எங்கள் வீட்டில் மோட்சத்துக்குப் போகும் வழியைப் பற்றியல்லவா பேச்சு! பேச்சென்றா சொன்னேன்? சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த வீடு தா.பழூர், கத்தோலிக்கக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது தரங்கம்பாடியில், லுத்தரன் சபை வீட்டில். "விசுவாசம் ஒன்றினால்தான் இரட்சிப்பு. நற்கிரியைகளைக் கணக்குக் காட்டிக் கர்த்தரிடம் கூலி கேட்க முடியுமா?" என்பார் என் மாமியார். "அப்படியானால் ஊரை அடித்து உலையில் போட்டவனும் நம்பிவிட்டால் போதுமா, சம்பந்தி?" என்பாள் அம்மா.

இந்த வழக்கு எங்கள் திண்ணையில் பிறந்ததல்ல. மனிதனுடைய சித்தம் பாவத்துக்கு அடிமைப்பட்டது, கடவுள் பக்கம் தானாகத் திரும்ப அதற்குச் சக்தி கிடையாது என்று 1525ல் லுத்தர் ஒரு புத்தகம் எழுதினார். எராஸ்மஸ் என்ற பண்டிதருக்குப் பதில் அது. முதலில் கை நீட்டுவது கடவுளின் அருள்தான், ஆனால் நீட்டிய கையைப் பிடிக்கவும் உதறவும் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று 1547ல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் சொல்லிற்று. பிற்பாடு சண்டை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1706ல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தா.பழூரிலிருந்து கொள்ளிடக் கரையோடு மேற்கே போனால் ஏலாக்குறிச்சி. அங்கே தங்கித் தமிழ் வளர்த்த வீரமாமுனிவர், (ஆமாம், பரமார்த்த குருவையும் சீடர்களையும் காட்டி நம்மைச் சிரிக்க வைத்தாரே, அவரேதான்) தரங்கம்பாடிக்காரர்களை மறுத்து 'வேத விளக்கம்' என்று ஒரு நூலே எழுதினார். பாருங்கள், என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் முந்நூறு வருஷத்துச் சம்பந்திச் சண்டை! பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது இவ்வளவுதான்.

எனக்கு ஒரு தம்பி. இருபத்திரண்டு வயதில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். யார் பேரிலும் கோபமில்லை. "எனக்கு நம்பிக்கை வரவில்லை அம்மா. வராததை வந்தாற்போல் நடிக்கச் சொல்லாதே" என்றான். கொள்ளிடம் பெருகிய வருஷங்களில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கிழவிகளைத் தூக்கி வந்தவன் அவன். எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினான் என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. சென்ற வருஷம், பஸ்ஸில் போகும்போது மார்வலி. குருவானவர் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. எல்லாம் பத்து நிமிஷம்.

பதினாறு நாள் வரை அம்மா அழவில்லை. அன்று ராத்திரி கேட்டாள்: "அவன் கரை ஏறியிருப்பானாடி?"

நான் என்ன சொல்ல? என் மாமியார்தான் வாயைத் திறந்தார். "விசுவாசம் நாம் சம்பாதிப்பதில்லையே, சம்பந்தி. அது அவர் கொடுக்கிற ஈவு. கடைசி மூச்சில் கொடுத்திருந்தால் நமக்குத் தெரியவா போகிறது?"

"கொடுத்திருப்பார். இவன் வேண்டாமென்றிருப்பானே! சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரன்" என்றாள் அம்மா. அப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு.

எதிர்வீட்டு ஐயங்கார் மாமி கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்களிலும் இந்தத் தகராறு உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டிக்கு அந்தக் கவலையில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. உங்கள் பிள்ளை எந்தக் குட்டியோ?" என்றாள். "பூனைக்குட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. கத்தோலிக்க அம்மா மாமியார் கட்சிக்குத் தாவிவிட்டாள் பார்த்தீர்களா!

ஆறுதல் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. 1999 அக்டோபர் 31ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். நம் புண்ணியத்தால் அல்ல, அருளால்தான் கடவுள் நம்மை ஏற்கிறார். நற்செயல்கள் அதன் கனி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். சித்தத்தின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் விதத்தில் வித்தியாசம் மிச்சமிருக்கிறது. திண்ணையில் இதை உரக்கப் படித்தேன்.

"பெரியவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், ரொம்ப சந்தோஷம். என் பிள்ளையைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா?" என்றாள் அம்மா.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் அம்மாவை ஏலாக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். மாமியாரும் புறப்பட்டார். "இறந்தவர்களுக்குப் பூசை வைப்பது எங்கள் சபையில் இல்லை. துணைக்குத்தான் வருகிறேன்" என்று பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னார்.

அடைக்கல மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் கை நடுங்கிற்று. பேனா காகிதத்தில் நிற்கவில்லை. நான் எழுந்து போவதற்குள் மாமியார் பேனாவை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"இனிஷியல் என்ன, சம்பந்தி?"