கறுப்பு அல்பாகா

என் கொள்ளுத் தாத்தா கோர்ட்டுக்கு அணிந்து சென்ற கறுப்பு அல்பாகா கோட்டு ஒன்று எங்கள் வீட்டு மரப்பெட்டியில் வெகுகாலம் இருந்தது. அல்பாகா என்பது ஏதோ சீமைத் துணி ஆலையின் பெயர் என்றே சிறு வயதில் எண்ணியிருந்தேன். அது ஒரு பிராணியின் பெயர் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அப்பிராணியை நேரில் கண்டதோ தென் அமெரிக்காவில், பெரு தேசத்தில்.

அத்தேசத்துக் குஸ்கோ நகரம் சுமார் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அங்கிருந்து பிஸாக் செல்லும் மலைப்பாதையில், யாத்திரிகர்கள் உள்ளே சென்று பார்க்கும்படியான சிறு பண்ணை ஒன்றுக்குப் போனேன். வாயிலிலேயே கையில் ஒரு பிடி புல்லைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அல்பாகா ஒட்டகத்தின் உறவினம். ஆனால் திமில் இல்லை. நீண்ட கழுத்து, பஞ்சுப் பொதி போன்ற உடல், விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயரைப் போல ஓர் அலட்சியப் பார்வை! மேல்தாடையின் முன்புறம் பற்கள் கிடையா. புல்லை வேரோடு பிடுங்காமல் நறுக்கியே தின்கிறது. பாதமும் மெத்தென்றிருப்பதால் மேய்ச்சல் நிலம் புண்படுவதில்லை.

இன்கா அரசர் காலத்தில் இதன் ரோமத்தில் நெய்த வஸ்திரத்துக்குப் பெருமதிப்பு இருந்தது. 1532-ல் ஸ்பானியர் படையெடுத்து வந்தபின், அவர்களுடைய செம்மறி ஆடுகளுக்கு இடம் விட்டு அல்பாகா மந்தைகள் உயர்ந்த மலைகளுக்கு ஒதுங்கின. 1830-களில் டைட்டஸ் சால்ட் என்னும் ஆங்கில ஆலை முதலாளி இந்த ரோமத்தை இயந்திரத்தில் நூற்று மெல்லிய துணியாக நெய்யும் வழி கண்டார். அதன்பின் மலைவாசிகள் கத்தரித்த ரோமம் யார்க்ஷயருக்குக் கப்பலேறிற்று. துணியாகிப் பல தேசங்களுக்கும் போயிற்று. பருத்தியின் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பண்ணையின் ஒரு மூலையில் மூதாட்டி ஒருத்தி, நமது தக்ளியைப் போன்ற கதிரைச் சுழற்றி நூற்றுக்கொண்டிருந்தாள். அருகே வெள்ளை, பழுப்பு, சாம்பல், கறுப்பு என ரோமக் குவியல்கள். அல்பாகாவுக்கு இயற்கையிலேயே இருபதுக்கு மேற்பட்ட வர்ணங்கள் உண்டு. ஆனால் ஆலைகள் வெள்ளையையே விரும்புகின்றன. அதில்தான் எந்தச் சாயமும் ஏறும். வெள்ளை ரோமத்துக்கு விலையும் அதிகம். ஆகவே குடியானவர்கள் வெள்ளையையே பெருக்க, மற்ற வர்ணங்கள் அருகி வருகின்றன.

"கறுப்பை ஏன் இன்னும் வளர்க்கிறீர்கள்?" என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். கதிரை நிறுத்தாமலே அவள் கெச்சுவா மொழியில் சொன்னாள்: "என் தாயார் நெய்த போர்வையில் இந்தக் கறுப்புத்தான் இருந்தது. பிறவியிலேயே கறுப்பாய் இருப்பதற்குச் சாயம் எதற்கு?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. அவள் நெய்த சிறு கறுப்புத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். கோட்டு இருந்த அந்தப் பெட்டியில் இப்போது அதுதான் இருக்கிறது. விலை சற்று அதிகந்தான். ஆயினும், அடுத்த வருஷமும் அந்தப் பண்ணையில் ஒரு கறுப்புக் குட்டி பிறக்க வேண்டுமே!