ஒரு லேன், ஐந்து பேர்

சிட்னி

அன்புள்ள நண்பருக்கு,

சிட்னியிலிருந்து கடிதம் என்றால் துறைமுகப் பாலமும் ஓபரா ஹவுஸும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஊரின் பொது நீச்சல் குளங்களைப் பற்றி. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் பூங்காக் குளம் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தை அடுத்து விக்டோரியா பூங்காக் குளம். வுலுமுலு விரிகுடாவின் கரையில் ஓர் உப்புநீர்க் குளம்; 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சார்ல்ட்டனின் பெயர் அதற்கு. அல்ட்டிமோவில் கட்டடக் கலைஞர் ஹாரி சைட்லர் வடிவமைத்து 2007இல் திறக்கப்பட்ட இயன் தோர்ப் மையம். நான்கும் 50 மீட்டர் நீளம், நான்கும் மாநகராட்சியுடையவை. வாசலில் கட்டணம் கட்டினால் யாரும் இறங்கலாம். அலுவலகத்துக்குப் போகுமுன் நீந்துகிறவர், ட்ரையத்லானுக்குப் பயிற்சி எடுப்பவர், முழங்கால் வலிக்கு மருத்துவர் சொல்லி வந்தவர், பணி ஓய்வு பெற்றவர் எல்லோரும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போய்த் திரும்புகிறார்கள். பொது இடம் ஒன்றை அந்நியர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே எழும் எரிச்சல்கள் உலகெங்கும் ஒரே மாதிரிதான். மெதுவாகப் போகிறவர் வேக லேனில் இறங்கிவிடுவார். வேகமாக வருகிறவர் முன்னால் போகிறவரின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே வருவார். இருவர் லேனின் கோடியில் சுவரை அடைத்து நின்று பேசுவார்கள். திரும்ப வருகிறவருக்குச் சுவரில் கால் வைத்து உதைக்க இடம் இருக்காது. நின்றிருந்த ஒருவர், அடுத்தவர் திரும்பும் நொடி பார்த்து அவருக்கு முன்னால் கிளம்புவார். இவற்றுக்கெல்லாம் ஆளைக் குறை சொல்வது வழக்கம்: அக்கறை இல்லாதவர், திமிர் பிடித்தவர், நீந்தத் தெரியாதவர் என்று. என் கருத்து வேறு. இந்த எரிச்சல்களில் பெரும்பகுதி ஏற்பாட்டின் குறையால் வருவது. ஏற்பாட்டைத் திருத்தினால் அதே ஆட்கள் அதே லேனில் நிம்மதியாக நீந்துவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டிக் குளத்தில் ஒரு லேனின் அகலம் இரண்டரை மீட்டர். போவதற்கும் வருவதற்கும் பிரித்தால் ஒருவருக்கு ஒன்றேகால் மீட்டர்தான். பட்டர்ஃப்ளை நீந்துகிறவர் விரிக்கும் கைகள் அந்த அளவைத் தாண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் அகன்ற உதை எதிரே வருகிறவர் மேல் படலாம். ஆக, ஒருவரை முந்துவது என்றாலே எதிர்வரிசைக்குள் நுழைவதுதான். இனி வேகத்தைப் பாருங்கள். ஒருவர் 100 மீட்டரை ஒன்றரை நிமிடத்தில் நீந்துகிறார். இன்னொருவருக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது. இருவரும் ஒரே லேனில் சுற்றினால் 3 நிமிடம் 45 நொடிக்கு ஒரு முறை முதலாமவர் இரண்டாமவரைப் பிடித்துவிடுவார். முக்கால் மணி நேரத்தில் 12 முறை. மாறாக, ஒருவர் 1 நிமிடம் 45 நொடியும் மற்றவர் 2 நிமிடமும் எடுப்பவர்கள் என்றால், 14 நிமிடத்துக்கு ஒரு முறைதான் உரசல். முக்கால் மணிக்கு மூன்றே முறை. இரண்டு லேனிலும் ஆள் எண்ணிக்கை ஒன்றுதான், குணமும் ஒன்றுதான். வேகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டுமே வேறு. லேனில் எத்தனை பேர் என்பதைவிட, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதுதான் எரிச்சலைத் தீர்மானிக்கிறது.

இந்த ஊர்க் குளங்கள் பாதி வேலையைச் செய்துவிட்டன. லேனின் முனையில் மெது, நடுத்தரம், வேகம் என்று பலகை இருக்கும். சாலையைப் போலவே இடப்பக்கமாகப் போக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விதி. பிரிட்டனின் பல குளங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்தடுத்த லேன்களில் சுற்றும் திசையை மாற்றி வைக்கிறார்கள். கயிற்றின் இரு பக்கமும் இருப்பவர்கள் ஒரே திசையில் போவதால் கையோடு கை மோதும் வேகம் குறைகிறது. அமெரிக்காவில் லேனில் இரண்டே பேர் என்றால் ஆளுக்குப் பாதி என்று நீளவாக்கில் பிரித்துக்கொள்வார்கள்; மூன்றாமவர் வந்ததும் சுற்ற ஆரம்பிப்பார்கள். எல்லாம் நல்ல வழக்கங்கள். ஆனால் ‘நடுத்தரம்’ என்ற பலகை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பள்ளியில் பந்தயத்துக்கு நீந்தியவருக்கு நடுத்தரம் என்பது, நாற்பது வயதில் நீச்சல் கற்றவருக்கு எட்டாத வேகம். இருவரும் பலகையை ஒழுங்காகப் படித்து, நேர்மையாக ஒரே லேனில் இறங்குகிறார்கள். பிறகு 3 நிமிடம் 45 நொடிக்கு ஒரு முறை ஒருவர் மேல் ஒருவர் கோபப்படுகிறார்கள். பலகையில் ‘100 மீட்டர்: 2 நிமிடம் முதல் இரண்டரை நிமிடம் வரை’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். அளந்துகொள்ள, நொடி முள் ஓடும் பெரிய கடிகாரம் குளத்தின் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது.

நாகரிகம் தெரிந்தவர்களுக்கு இத்தனை விதி எதற்கு, தாங்களே விட்டுக்கொடுத்துப் போகமாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். தரையில் என்றால் அது சரி. பேருந்தில் இடிபட்டால் திரும்பிப் பார்க்கிறோம், ஒரு தலையசைப்பில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறோம். நீருக்குள் முகம் கவிழ்ந்திருக்கிறது, காதில் நீர், கண்ணில் கண்ணாடி. பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே முன்னால் போகிறவருக்குத் தெரியாது. காலைத் தொட்டவர் வழி கேட்கிறாரா, கோபத்தில் தொட்டாரா என்பதும் தெரியாது. பேச முடிகிற ஒரே இடம் சுவர். ஆகவே, வழி விடுவதும் அங்கேதான் நடக்க வேண்டும்: பின்னால் ஆள் நெருங்கினால் சுவரில் ஓரமாக ஒதுங்கி அவரை முதலில் போகவிடுவது; நிற்கிறவர் மூலையில் நின்று நடுச்சுவரைத் திரும்புகிறவருக்கு விடுவது. இந்த இரண்டையும் பலகையில் எழுதி வைத்தால், நல்லெண்ணம் உள்ளவருக்கு அதைக் காட்ட ஒரு வழி கிடைக்கிறது. விதி இல்லாத இடத்தில் நல்லவர்கள்கூட ஒருவரை ஒருவர் தவறாகப் படித்துவிடுகிறார்கள்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கடுமையானது. வேகமாக நீந்துகிறவரும் அதே கட்டணம்தான் கட்டுகிறார். மெதுவானவர்கள் கூட்டம் குறைந்த மதிய வேளையில் வரட்டும், அல்லது வேகக்காரர்கள் தனியார் குளத்துக்குப் போகட்டும் என்பது. இதற்கு ஆஸ்திரேலியாவின் சரித்திரமே பதில் வைத்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே மோரீ என்ற ஊரில் நகரசபைக் குளத்துக்குள் பூர்வகுடி மக்கள் வரத் தடை இருந்தது. 1965 பிப்ரவரியில், தாமும் பூர்வகுடியான சார்ல்ஸ் பெர்கின்ஸின் தலைமையில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் அங்கே போய், பூர்வகுடிச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு குளத்தின் வாசலில் நின்றார்கள். கூடிய கூட்டம் முட்டையும் தக்காளியும் வீசியது. லேன் எரிச்சலும் அந்த அநீதியும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. அதை நான் நன்றாகவே அறிவேன். ஆனாலும், பொதுக் குளத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பது போராடிப் பெற்றது என்பதை அந்த நிகழ்ச்சி சொல்கிறது. மெதுவாக நீந்தும் முதியவரை நேரம் மாற்றி வரச் சொல்வதற்கு முன் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நீந்த அவருக்கும் காரணம் இருக்கும். அவருக்குரிய லேன் அந்த நேரத்திலும் இருக்க வேண்டும். காசுள்ளவர்கள் எல்லோரும் தனியார் குளத்துக்குப் போய்விட்டால், பொதுக் குளத்தைப் பராமரிக்கச் சொல்லிக் கேட்கும் குரலும் அவர்களோடு போய்விடும்.

கடைசியாக, நொடிக் கணக்கு எழுதினால் புதிதாக வருகிறவர் மிரண்டுவிடுவார், இளைப்பாறும் இடம் பந்தய மைதானம் ஆகிவிடும் என்ற அச்சம். இதில் நியாயம் உண்டு. அதனால்தான் நேரம் எழுதாத லேன்களும் தேவை: நீருக்குள் நடந்து உடற்பயிற்சி செய்பவருக்கு ஒன்று, நின்று நின்று போகிறவருக்கு ஒன்று. அவை இருந்தால் புதியவருக்கு நிம்மதி கூடும். தெரியாமல் வேக லேனில் இறங்கி, பின்னால் வருகிறவர்களின் பெருமூச்சைக் கேட்டுக் கூனிக் குறுகுவதைவிட, பலகையைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்வது மரியாதையானது.

நம் சென்னை மெரினா நீச்சல் குளத்தில் மணிக்கணக்கு வைத்துப் பிரிவு பிரிவாக ஆட்களை உள்ளே விடுகிறார்கள். அது நேரத்தைப் பங்கிடும் முறை. உள்ளே வந்தவர்களுக்குள் நீரைப் பங்கிடுவது அடுத்த வேலை. அதற்குப் பெரிய செலவு கிடையாது. நான்கு கயிறு, ஒரு கடிகாரம், தமிழில் எழுதிய ஒரு பலகை போதும். உங்கள் ஊர்க் குளத்தின் பொறுப்பாளரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். அவை வரும்வரை, பின்னால் ஆள் வந்தால் சுவரில் ஒதுங்கி வழி விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்