படை நுழைய யார் அனுமதிப்பது?

ஒரு அரசு தன் மக்களையே கொன்று குவிக்கும்போது வெளியிலிருந்து படை உள்ளே போகலாமா? எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவத் தோழர்கள் விடாமல் கேட்கிற கேள்வி இது. நான் இரண்டு நிலப்பகுதிகளைக் காட்டித்தான் பேசுவேன்.

ஒன்று, லத்தீன் அமெரிக்கா. 1948இல் பொகோட்டாவில் கையெழுத்தான அமெரிக்க நாடுகள் அமைப்பின் சாசனம், எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாடு இன்னொன்றின் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. 'எந்தக் காரணத்துக்காகவும்' என்ற அழுத்தம் சும்மா வந்ததில்லை. வடக்கேயிருந்து வந்த போர்க்கப்பல்களைப் பார்த்தவர்கள் அவர்கள். எழுதிய பிறகும் கப்பல்கள் வந்தன. 1984இல் நிகராகுவா துறைமுகங்களில் அமெரிக்கா கண்ணிவெடி வைத்தது. கான்ட்ரா படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. கேட்டால், எல் சால்வடாரைக் காப்பாற்றத்தான் என்றது. சர்வதேச நீதிமன்றம் 1986 ஜூன் 27 அன்று அந்த வாதத்தைத் தள்ளி, சட்டத்தை மீறியது அமெரிக்காதான் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கக் கோரும் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தபோது அதே அமெரிக்கா வீட்டோ செய்தது. அடித்தவனே நாட்டாமை. நமக்குப் புதிதா என்ன?

ஆப்பிரிக்காவின் காயம் வேறு. 1994இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சிகள், கொல்லப்பட்டார்கள். கொலைகள் தொடங்கிய இரண்டே வாரத்தில், அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானித்தது. அந்த நினைவோடுதான் 2000இல் லோமேயில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சாசனம் எழுதப்பட்டது. இனப்படுகொலையோ போர்க்குற்றமோ மானுடத்துக்கு எதிரான குற்றமோ நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிட ஒன்றியத்துக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 4ஆம் பிரிவு. கவனியுங்கள், உரிமை ஒன்றியத்துக்கு. தனி நாடு எதற்கும் அல்ல. பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் இது செல்லுமா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும். 'உள்நாட்டு விவகாரம்' என்ற சொல்லே எனக்கு ஆகாது. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் தடுக்க இந்திய அரசு நீட்டியதும் அதைத்தான்.

ஆனால் புருண்டியையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அங்கே 5,000 பேர் கொண்ட படையை அனுப்ப ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்புக் குழு முடிவெடுத்தது. வந்தால் படையெடுப்பாகவே கொள்வோம் என்றது புருண்டி அரசு. அடுத்த மாதம் கூடிய தலைவர்கள், அந்த அரசின் சம்மதம் இல்லாமல் படை போகாது என்று கைவிட்டார்கள். நாளை தன் கதவும் தட்டப்படலாம் என்ற பயம் அந்த மேசையில் எத்தனை பேருக்கு இருந்ததோ! அந்தப் பிரிவின்படி இதுவரை ஒரு படைகூடப் போனதில்லை.