வெள்ளைக் காக்கை

நம்ப முடியாத ஒன்றை யாராவது அடித்துச் சொன்னால், "வெள்ளக் காக்கா பறக்குதுங்கான்" என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஃபின்லாந்தின் எழுத்தாளர் ஹெல்லா வுவோலியோகி 1953-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நான் வணிகப் பெண்ணானேன், அல்லது வெள்ளைக் காக்கை' என்று வரும். அவர் பிறந்து வளர்ந்த நாட்டுப் பேச்சில் வெள்ளைக் காக்கை என்றால் தன் கூட்டத்தோடு ஒட்டாத பறவை. எனக்கென்னவோ நம் ஊர்ப் பொருளும் அவருக்குப் பொருந்துவதாகத்தான் படுகிறது. பெண் ஒருத்தி கப்பல் கப்பலாக மரம் விற்றாள் என்றால், அன்றைக்கு எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

அவர் பெயரை நான் முதலில் பார்த்தது கல்லூரியில். பெர்டோல்ட் பிரெக்டின் 'புந்திலாவும் அவனுடைய ஆள் மட்டியும்' நாடகத்தின் ஆங்கிலப் பிரதி. முதல் பக்கத்தில் பிரெக்ட் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், ஹெல்லா வுவோலியோகியின் கதைகளையும் நாடக வரைவையும் தழுவியது என்று ஒரு வரி. அந்த ஆண்டு முழுக்க பிரெக்டைப் பற்றிப் பேசினோம். அந்த ஒரு வரியைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பல ஆண்டுகள் கழித்து, அவர் மர வியாபாரம் செய்தவர் என்று எங்கோ படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீடு செங்கோட்டைப் பக்கம். அப்பா இறந்தபின் மரக்கடையை இருபத்திரண்டு வருடம் நடத்தியது அம்மா. தேக்குத் தடியின் சுற்றளவைப் பார்வையிலேயே சொல்லி, கன அடிக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவாள். கடைப் பலகையில் அப்பா பெயரும் 'அன் சன்ஸ்' என்ற சொல்லும் இருந்தன. பில் புத்தகத்தில் அண்ணன் பெயர். கடன் கேட்டுப் போனால் அண்ணன் கையெழுத்து. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது, தேக்கையும் வேங்கையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஹெல்லா பிறந்தது 1886-இல், எஸ்தோனியாவில். அப்போது அது ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. இயற்பெயர் எல்லா முர்ரிக். தார்த்து நகரில் பெண்கள் பள்ளியில் படித்தார். அதே ஊரில் பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் பேரரசின் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவிகளாகச் சேர்த்துக்கொள்வதில்லை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஹெல்சிங்கி. அதுவும் ஜாரின் ஆட்சிக்கு உட்பட்டதுதான் என்றாலும், தனிச் சட்டங்கள் கொண்டது. அங்கே பெண்கள் தனி அனுமதி கேட்காமலேயே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்ற நிலை 1901-இல் வந்திருந்தது. 1904-இல் ஹெல்லா கடல் கடந்து அங்கே போனார். ஃபின்னிய மொழியும் எஸ்தோனிய மொழியும் ஏறக்குறைய தமிழும் மலையாளமும் போல. ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றது காதில் பாதி விழும், மீதியைக் கற்றுக்கொள்ள வேண்டும். 1908-இல் முதுகலை முடித்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் எஸ்தோனியப் பெண் அவர்.

அவர் போய்ச் சேர்ந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 1905-இல் பொது வேலைநிறுத்தம் நாட்டையே நிறுத்தியது. அதன் பலனாக 1906-இல் ஃபின்லாந்துப் பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தன. மறு ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். வேறொரு நாட்டிலிருந்து படிக்க வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பெண் இதையெல்லாம் தெருவில் நின்று பார்த்தாள். சோஷலிஸ்டானாள். சூலோ வுவோலியோகி என்ற சோஷலிச வழக்கறிஞரை மணந்தாள். (பிறகு வந்த தங்கை சல்மேயும் இதே வழிதான். அவர் பின்னாளில் மணந்தவர் ரஜனி பாமி தத். நம் இடதுசாரி வீடுகளின் பழைய அலமாரிகளில் அவருடைய 'இன்றைய இந்தியா' இன்னும் இருக்கும். சல்மேயை யார் நினைக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

எழுத்து முதலில் எஸ்தோனிய மொழியில்தான் வந்தது. 1912-இல் ஒரு நாடகம். ஜார் அரசு அதைத் தடை செய்தது. 1914-இல் ஒரு நாவல். பிறகு உலகப் போர் வந்தது, வணிகம் வந்தது. தானியம், சர்க்கரை, காப்பி என்று போர்க்காலத்தில் எது எல்லை தாண்டிப் போகுமோ அதில் தொடங்கி, கடைசியில் மரத்துக்கு வந்தார். ரஷ்ய கரேலியக் காடுகளின் மரத்தை மேற்கு நாடுகளுக்கு விற்கும் நிறுவனங்களின் தலைமையில் இருந்தார். 1920-இல் ஈத்தி என்ற ஊரில் மார்லேபெக் என்னும் பெரிய பண்ணையை வாங்கினார். அறுப்பு மில்லும் மாடுகளும் கூலியாட்களும் உள்ள பண்ணை. 1923-இல் மணமுறிவு.

ஒரு சட்டத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாக்குரிமையில் உலகுக்கே முன்னால் போன ஃபின்லாந்தில், 1929-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வரும்வரை மனைவி கணவனின் பாதுகாவலின் கீழ்தான் இருந்தாள். அவள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டம் இயற்றலாம்; வீட்டில் அவளுக்குப் பாதுகாவலன் அவன். இதைப் படித்த அன்று, அண்ணன் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

சோஷலிஸ்டுக்கு எதற்குப் பண்ணை என்ற கேள்வியை அவரிடம் அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆட்களை வைத்து வேலை வாங்கினார், நன்றாகச் சம்பாதித்தார், வீட்டுக்கு அமைச்சர்களும் தூதர்களும் புரட்சிக்காரர்களும் வந்து போனார்கள். அவரைத் தியாகி ஆக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவரைக் கேட்ட அளவுக்கு, பணக்கார வீட்டில் பிறந்த ஆண் தோழர்களைக் கேட்டிருப்பார்களா என்று சந்தேகம் உண்டு.

பொருளாதார மந்தத்தில் மரத் தொழில் விழுந்தது. 1930களின் தொடக்கத்தில் நிறுவனம் முறிந்து, கடன் அவர் தலையில் வந்து நின்றது. அப்போது வயது நாற்பத்தைந்து. மறுபடி எழுத உட்கார்ந்தார், இம்முறை ஃபின்னிய மொழியில். உள்நாட்டுப் போரைப் பற்றி 1933-இல் எழுதிய நாடகம் சிக்கலில் மாட்டியது. 1936-இல் 'நிஸ்கவுவோரிப் பெண்கள்' ஹெல்சிங்கி மேடையில் ஏறியபோது எழுதியவர் பெயர் யுஹானி தெர்வாபா என்றிருந்தது. ஆண் பெயர். நாடகம் பெரும் வெற்றி. இரண்டே ஆண்டில் திரைப்படமானது. யார் இந்த தெர்வாபா என்று ஊரே தேடியது.

பெண் என்பதால் ஆண் பெயரில் ஒளிந்தார் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். அது முழு உண்மையில்லை. வலதுசாரிகளின் கை ஓங்கியிருந்த காலம் அது. கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சட்டங்கள் 1930-லேயே வந்துவிட்டன. ஹெல்லா வுவோலியோகி என்ற பெயரே சிவப்பு. அதை விளம்பரத்தில் போட்டால் கொட்டகை நிரம்பாது. சரி, ஒளிய வேண்டியிருந்தது. ஆனால் ஒளிய இடம் தேடியபோது, இன்னொரு பெண்ணின் பெயரை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மரம் விற்ற கைக்குத் தெரியும், எந்தப் பெயருக்குக் கேள்வி கேட்காமல் கடன் கொடுப்பார்கள் என்று.

நிஸ்கவுவோரி என்பது ஹாமே பகுதியில் ஒரு பெரும்பண்ணை. அவருடைய கணவரின் குடும்பப் பண்ணைதான் அதற்கு மாதிரி. மாமியாரின் சாயல் முதிய பண்ணையம்மா லொவீசாவிடம் இருக்கிறது என்பார்கள். லொவீசா தான் கொண்டுவந்த சீதனப் பணத்துக்காக மணமுடிக்கப்பட்டவள். கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவும் குழந்தையும் இருந்தது தெரியவந்தும் போகவில்லை, பண்ணைக்காக நின்றாள். அந்த இளமைக் கதையை ஹெல்லா 1940-இல் தனி நாடகமாகவே எழுதினார். 1936 நாடகத்தில் லொவீசா கிழவி. இப்போது மகன் ஆர்னெ, ஊருக்கு வந்த பள்ளி ஆசிரியை இலோனாவைக் காதலிக்கிறான். மருமகள் மார்த்தாவும் சீதனத்தோடு வந்தவள்தான். அவளிடம் கிழவி எதிர்பார்ப்பது, தான் செய்ததையே. கண்டும் காணாமல் இரு. பண்ணையைப் பார். ஆண்கள் அப்படித்தான்.

இந்தக் கிழவியை நமக்குத் தெரியும். இடுப்பில் கொத்துச்சாவியோடு நம் வீடுகளிலும் நடமாடியவள். அவளை வில்லியாக்கிவிட்டால் நமக்கு நிம்மதி. ஹெல்லா அந்த நிம்மதியைத் தருவதில்லை. லொவீசாவுக்கு அந்தப் பண்ணையைத் தவிர வேறெதுவும் இல்லை. அவள் பணம் அந்த மண்ணுக்குள் போய்விட்டது, அவளைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது, அவளாலும் திரும்பிப் போக முடியாது. எதில் தன் முதல் முடங்கியிருக்கிறதோ அதைக் காக்கத்தான் செய்வாள். வரவுசெலவு பார்த்தவரால்தான் குடும்பத்தை இப்படிப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். ஆசிரியை இலோனாவுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. கிளம்பிப் போக அவளால் முடிகிறது. ஆர்னெயும் அவளோடு போகிறான்.

மறு ஆண்டு வந்த 'யூராக்கோ ஹுல்டா'வில் கிராமத்துப் பெண் ஒருத்தி வேலை தேடித் தலைநகருக்கு வருகிறாள். நாடாளுமன்ற ஆண்களின் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, இரவில் படித்து, அரசியலுக்கே வந்துவிடுகிறாள். ஹாலிவுட் இதை வாங்கி 1947-இல் 'தி ஃபார்மர்ஸ் டாட்டர்' என்று எடுத்தது. ஹுல்டா அங்கே அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன் வம்சத்து விவசாயியின் மகளானாள். நடித்த லொரெட்டா யங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

பிரெக்ட் வந்தது 1940 கோடையில். ஹிட்லருக்குத் தப்பி நாடு நாடாக ஓடிக்கொண்டிருந்தவர், மனைவி ஹெலன் வைகல், குழந்தைகள், உதவியாளர் மார்கரெட் ஸ்டெஃபின் ஆகியோரோடு மார்லேபெக்கில் தங்கினார். ஹெல்லா கதை சொல்லக் கூடியவர். குடித்தால் நல்லவனாகவும் தெளிந்தால் கொடியவனாகவும் மாறும் பண்ணையார் ஒருவரின் கதை அவரிடம் இருந்தது; கணவர்வழி உறவினர் ஒருவரை வைத்து எழுதிய நாடகம். அதைப் பிரெக்ட் தன் வழியில் திருப்பி எழுதினார். அதுவே புந்திலா. பிரெக்டின் கை பட்டுத்தான் அது உலக நாடகமானது, மறுக்கவில்லை. ஹெல்லா தன் ஃபின்னிய வடிவத்தை 1946-இல் இருவர் பெயரிலும் வெளியிட்டார். 1949-இல் பெர்லினர் ஆன்சாம்பிள் இந்த நாடகத்தோடுதான் தன் கணக்கைத் தொடங்கியது. எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பொடி எழுத்து வரி.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் செய்த இன்னொன்று. சோவியத் படை ஃபின்லாந்தைத் தாக்கிய குளிர்காலப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940 ஜனவரியில் ஹெல்லா ஸ்டாக்ஹோம் போய், அங்கே சோவியத் தூதராக இருந்த அலெக்ஸாண்ட்ரா கொலந்தாயைச் சந்தித்தார். வெளியுறவு அமைச்சர் தன்னருக்குத் தெரிந்தே நடந்த சந்திப்பு. இரண்டு பெண்கள், இருவரும் எழுதுபவர்கள், ஓட்டல் அறையில் உட்கார்ந்து அரசுகளுக்கு இடையே அறுந்த கயிற்றை முடிந்தார்கள். மார்ச் 13 அன்று போர் நின்றது.

அடுத்த போரில் நடந்ததைச் சொல்ல எனக்கு இத்தனை எளிதாக வரவில்லை. 1942-இல் கெர்த்து நுவோர்தேவா என்ற பெண்ணை சோவியத் விமானம் ஃபின்லாந்தில் பாராசூட்டில் இறக்கியது. அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில், ஃபின்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, சோவியத் நாட்டுக்குப் போய் உளவாளியானவள். அவளுக்கு ஹெல்லா இடம் கொடுத்தார். பிடிபட்டார். 1943-இல் ஆயுள் தண்டனை. சமாதானத்துக்காகச் செய்ததாக நினைத்தார். எந்த நாட்டின் சமாதானம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஸ்டாலினின் ரஷ்யா அவருடைய தோழர்களையே என்ன செய்தது என்று இன்று நமக்குத் தெரியும். அவர் அதைப் பார்க்க மறுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1944 போர்நிறுத்தத்துக்குப் பின் வெளியே வந்த கையோடு வெளியிட்ட சிறை நூலுக்கு 'நான் கைதியாக இருக்கவில்லை' என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தத் திமிர் பிடிக்கிறது. அதே திமிர்தான் சிலவற்றைப் பார்க்க விடாமலும் செய்திருக்கும்.

1945-இல் அவரை நாட்டின் வானொலிக்குத் தலைமை இயக்குநராக்கினார்கள். காற்று மாறியதும், வானொலியை நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, 1949-இல் இறக்கினார்கள். நிஸ்கவுவோரி வரிசையின் ஐந்தாவது நாடகம் 1953-இல் வந்தது. வெள்ளைக் காக்கையும் அந்த ஆண்டுதான். 1954 பிப்ரவரியில் இறந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். போரும் சிறையும் பிரெக்டும் வந்த இடங்களில் வெறுமனே 'ம்' கொட்டினாள். மரக் கம்பெனி முறிந்த இடத்துக்கு வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கடன் யாரு பேர்லட்டி இருந்துச்சு?"

"அவங்க பேர்லதாம்மா."

"அவ பேர்லயேவா?" என்றாள் அம்மா. இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, முறத்தை எடுத்தாள்.