சாரலும் துப்பாக்கிக் கட்டையும்

குற்றாலத்துல சாரல்னா உங்களுக்கு அருவி ஞாபகம் வரும். எனக்குத் தாத்தாவோட துப்பாக்கிக் கட்டைதான். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கின பழைய துப்பாக்கி. (வேட்டைக்கு இல்லீங்க. 1972 சட்டம் வந்த பிறகு பன்றியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது. சத்தம் காட்டி விரட்டத்தான்.)

மரக்கட்டை ஈரத்துல ஊதும், வெயில்ல சுருங்கும். போன ஆடியில கைப்பிடி கிட்ட விரிசல். அதோட வெடிச்சா கை போயிரும்.

தென்காசியில விசாரிச்சு, லைசென்ஸ் உள்ள கடையில ரெண்டு ஃபைபர் கட்டை பார்த்தேன். விலை குறைஞ்சதைத் தட்டினா காலி டப்பா சத்தம். கண்ணாடி நார் கலந்தது கெட்டியா இருந்துச்சு. அடிப்பக்கத்தை முழங்கை மடிப்புல வச்சா விரல் விசையைத் தொடணும், அதுதான் அளவு. ரொம்ப லேசா இருந்தா தோள்ல உதை கூடும். ஃபைபர் ஊதாது; ஆனா அடியில தண்ணி தங்கினா இரும்பு துருப்பிடிக்கும், எண்ணெய் போட்டே ஆகணும்.

கெட்டியானதையே மாட்டியாச்சு. அப்பா மட்டும், "உங்க தாத்தா கன்னம் பட்டுத் தேஞ்ச கட்டைல அது"ன்னாவ. பழசு இப்போ பரண்ல இருக்கு. எரிக்க மனசு வரல.